வானிலிருந்து விழுந்தவனைத் தேடிப் பேரணாம்பட்டு வரை

நான் வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய காலையில் கோட்டையைக் காணவில்லை. ஆட்டோக்காரர் வலது பக்கம் கையை நீட்டி, "அதோ பாருங்க, கோட்டை" என்றார். அங்கே வெள்ளையாகப் பனிதான் நின்றுகொண்டிருந்தது. "இது அகழி. அதுக்குப் பின்னால மலை" என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். நானும் எல்லாவற்றையும் பார்த்ததுபோலத் தலையாட்டிக்கொண்டே போனேன். தை மாதத் தொடக்கம். ஈப்போவில் எங்களுக்குக் குளிர் என்றால் மழை விட்டபின் கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போகும். இங்கே ஆட்டோக்காரர் காதை மூடி மப்ளர் கட்டியிருந்தார். அவர் வாயிலிருந்து பேச்சும் புகையும் ஒன்றாக வந்தன.

மருத்துவமனைக்கு எதிரே உள்ள சந்துகளில் கடைப் பலகைகள் வங்காள எழுத்தில் இருந்தன. டீக்கடையில் மீன்குழம்பும் சோறும் கிடைக்கும் என்று ஒரு பலகை சொல்வதாக ஒருவர் படித்துக் காட்டினார். எக்ஸ்ரே உறைகளை மடியில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். லாட்ஜ் மேனேஜர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மலேசியாவா? பேஷண்ட் யாரும்மா?" என்றார்.

"பேஷண்ட் இல்ல. ஒருத்தரைத் தேடி வந்திருக்கேன்."

"எந்த வார்டு?"

அந்தத் தெருவில் அதற்கு மேல் என்ன கேட்பார்கள்? நான் தேடி வந்தவர் வார்டில் இருக்கிறாரா, உயிரோடுதான் இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

நான் ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். வாரத்தில் ஐந்தரை நாள் பிறர் கண்ணைப் பார்ப்பது என் பிழைப்பு. மீதி நேரத்தில் காட்டுக்குப் போவேன். நாங்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற ஒரு சீன மெக்கானிக், வனத்துறையில் வேலை பார்க்கும் ஒரு மலாய்க்காரர், நான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் பிடித்துவைத்திருந்த மலாயாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் இன்னமும் காட்டுக்குள் கிடக்கின்றன. இறக்கையில் மரம் முளைத்திருக்கும், இன்ஜினுக்குள் தேனீ கூடு கட்டியிருக்கும். இன்ஜின் எண்ணைச் சுரண்டி எடுத்து, எந்த விமானம், அதில் யார் யார் இருந்தார்கள், என்ன ஆனார்கள் என்று தேடிக் குடும்பங்களுக்குச் சொல்வோம். யாரும் எங்களை இதற்கு நியமிக்கவில்லை. ஒருமுறை ஒரு காலணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிறகு விட முடியாது, அவ்வளவுதான்.

அப்படிக் கண்டெடுத்த ஒரு பெரிய நாலு இன்ஜின் விமானத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் ராணுவம் ஏழு பேரின் எச்சங்களை எடுத்து அடக்கம் செய்துவிட்டது. எட்டாமவன் வால் பகுதியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன். பெயர் ஹாரி, வயது இருபத்தொன்று. விமானத்தோடு எரிந்தானா, குதித்தானா, ஜப்பான்காரர்கள் கையில் சிக்கினானா, ஒன்றும் தெரியவில்லை. இங்கிலாந்தில் அவன் வீட்டார் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விமானம் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அதை வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். மரங்களைச் சாய்க்க இயந்திரங்கள் வந்து நின்றிருந்தன. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மிச்சமிருந்த கிழவர் ஒருவர் எங்களிடம் அதிகம் பேசவில்லை. "வேதக்காரங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, சுகிர்தம்னு. அதக் கேளுங்க. சண்டை முடிஞ்சதும் அம்மாவும் மகளுமா ஆம்பூருக்குக் கப்பலேறிட்டாங்க" என்றார். அரை நூற்றாண்டுக்கு முன் கப்பலேறிய ஒரு பெண். எங்கள் மூவரில் தமிழ் தெரிந்தவள் நான்தான் என்பதால் பயணம் என் தலையில் விழுந்தது.

மறுநாள் ஞாயிறு. ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பனிக்குள்ளிருந்து தென்னைமரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போயின. பாதித் தூக்கத்தில் எங்கள் ஊர் ரப்பர் காட்டுக்குள் பஸ் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு நெடி. பக்கத்து இருக்கைப் பெண்மணி முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகாமலே, "தோல் ஷாப்புங்க, தோலு பதம் போடற எடம். வெளியூர்க்காரங்களுக்கு மொதல்ல கொமட்டும்" என்றார். எனக்குக் குமட்டவில்லை. புளித்த ரப்பர் பாலின் நாற்றத்தில் வளர்ந்தவள் நான். இந்த நெடிக்கும் அதற்கும் எங்கோ ஒரு ஒன்றுவிட்ட உறவு இருந்தது.

ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரத்துக்குத் தேவாலய வாசலில் போய் நின்றேன். வெள்ளைச் சேலைகள், தலைக்கு எண்ணெய் வைத்து வாரிய பிள்ளைகள், பைபிளைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்த ஆண்கள். யாரிடம் கேட்பது என்று திகைத்தபோது, ஒரு பெண் தானாக வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றாள். ஷீலா என்று பெயர், ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் சூப்பர்வைசர். மலாயாவிலிருந்து திரும்பி வந்த சுகிர்தம் என்று நான் முடிப்பதற்குள் அவள் சிரித்தாள்.

"மலேயா சிஸ்டரா? எனுக்கு மொதல் ஊசி போட்டதே அவங்கதான். மிஷன் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆய்ட்டாங்க. இப்போ பேர்ணாம்பட்டுல இருக்காங்க. கல்யாணம் கட்டிக்கல. ஏங்க, சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்க."

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பல நாள் அலைய வேண்டியிருக்கும் என்று செருப்பு வேறு புதிதாக வாங்கி வந்திருந்தேன். ஷீலா அந்தச் செருப்பைக் குனிந்து பார்த்து, "கட்டிங் சரியில்ல. லைனிங் சீக்கிரம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு, ஆம்பூருக்கு வந்துவிட்டுப் பிரியாணி சாப்பிடாமல் போகக்கூடாது என்று இழுத்துப் போனாள்.

எங்கள் ஊர்ப் பிரியாணியில் அரிசி நீளமாக இருக்கும், நெய் மினுக்கும், திராட்சை கிடக்கும். இங்கே சின்னச் சின்னச் சீரகச் சம்பா, சிவந்த நிறம், கூடவே புளிப்பான கத்திரிக்காய்க் குழம்பு. பிரியாணிக்குக் கத்திரிக்காயா என்று நான் கேட்டதற்குப் பரிமாறியவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஷீலா அவசரமாக, "வெளிநாடு, பாய்" என்றாள். அவர் மன்னித்து இன்னொரு கரண்டி வைத்தார். சாப்பிட்டதும் கண் சொக்கியது. ஆம்பூரிலேயே ஓர் அறை எடுத்து, விசிறியின் கீழ் படுத்தேன். நாலு இன்ஜின் விமானம் ஒன்று மிக மெதுவாக, ஓசையே இல்லாமல் மலைக்கு மேலே போவதாகக் கனவு கண்டேன். அதன் வாலில் ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே யாரும் இல்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. ஜன்னலுக்கு ஜன்னல் பூ வைத்த பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை. அவர்கள் போனபின் எங்கள் டவுன் பஸ் கிளம்பிப் பாலாற்றைக் கடந்தது. ஆறு என்று பெயர், அகலமும் ஆற்றுக்கானதுதான், ஓடியது மணல். கரையோரம் மட்டும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலிருந்து வந்த நீர் நுரைத்துக்கொண்டு ஒரு வாய்க்கால் அளவுக்குப் போனது. பேரணாம்பட்டில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சு உருதுவில், இடையில் தமிழ், கடைக்காரரிடம் தெலுங்கு. பீடி சுற்றும் விரலை யாரும் பார்க்கவே இல்லை.

சிஸ்டர் சுகிர்தத்தின் வீடு, தோல் வியாபாரி ஒருவர் வீட்டின் பின்கட்டு. வியாபாரியின் மனைவி நூர்ஜஹான் கதவைத் திறந்து, "அக்கா, உங்களத் தேடி மாலையாட்டம் கண்ணாடி போட்டுகினு ஒருத்தர்!" என்று உள்ளே குரல் கொடுத்தார். என் கழுத்தில் கயிற்றில் தொங்கிய இரண்டு மூக்குக்கண்ணாடிகளை அவர் என்னவென்று நினைத்தாரோ.

சிஸ்டருக்கு எழுபதை ஒட்டிய வயது, நேரான முதுகு, வெள்ளை வாயில் சேலை. நான் ஈப்போ என்றதும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் உட்காரச் சொன்னார். அவருடைய கண்ணாடி ஒரு பக்கம் கோணியிருந்ததால் தலையைச் சாய்த்தே என்னைப் பார்த்தார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? கேட்டு வாங்கி, காம்பை வளைத்துச் சரிசெய்து கொடுத்தேன். போட்டுப் பார்த்து, "பரவால்ல, நீ நேராத்தான் இருக்கே" என்றார்.

ஹாரியின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். சீருடையில், தொப்பி சற்றுச் சாய்ந்து, சிரிக்கலாமா என்று யோசிக்கும் முகம். "இவங்க விமானம் உங்க தோட்டத்துப் பக்கத்துல விழுந்துச்சு, சிஸ்டர். இவர் என்ன ஆனார்னு தெரியல. வீட்டுல இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை, நூர்ஜஹான்தான் ஓடினார்.

"நான் அப்போ சின்னப் பொண்ணும்மா. ஏரோப்ளேன் விழுந்த சத்தம் கேட்டுது. வேற ஒண்ணும் தெரியாது."

"குதிச்சதா யாராவது..."

"தெரியாதுன்னு சொல்றேனே."

காபி வந்தது. கெட்டியாக, கசப்பாக, எங்கள் ஊர் கொப்பியைவிடச் சின்னக் குவளையில். குடித்து முடிக்கும்வரை அவர் பேரணாம்பட்டு வெயிலைப் பற்றியும் மலேசியாவில் நர்ஸ்களுக்கு என்ன மரியாதை என்பது பற்றியும் பேசினார். விடைபெறும்போது படத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "தங்கச்சி இன்னும் இருக்குதா?" என்றார்.

"இருக்காங்க, சிஸ்டர்" என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும் பஸ் பாலாற்றை நெருங்கும்போது நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். ஆவி எழுந்தது. கண்டக்டர், "எறங்குங்க, எறங்குங்க, வேற வண்டி வரும்" என்றார். "எப்போ?" என்று ஒரு குரல். "வரும்போது." சிலர் முனகினார்கள், பலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார்கள். நானும் அவர்கள் பின்னால் இறங்கினேன். பிற்பகல் வெயில் மணலில் பட்டு எல்லாமே மிதந்தது. தூரத்தில் எருமைகளுக்குக் கால் இல்லை. முன்னால் போன பெண்ணின் குடத்துக்கும் தலைக்கும் நடுவே வானம் தெரிந்தது. எங்கே இருக்கிறேன், எந்த வருடம் என்பதுகூட மங்கிவிட்ட அந்த நடையில், ஆற்றின் நடுவில், சட்டென்று நின்றேன்.

தங்கச்சி என்று நான் சொல்லவே இல்லை. வீட்டில் கேட்கிறார்கள் என்றுதான் சொன்னேன்.

இங்கிலாந்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அவன் தங்கை ஈடித். அவரைப் பற்றி இந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. ஹாரிக்குத் தங்கை இருப்பதைச் சுகிர்தத்துக்குச் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். அப்படியென்றால் அவன் எரியவில்லை. தரையில் உயிரோடு இறங்கியிருக்கிறான், பேசியிருக்கிறான். பின்னால் வந்தவர், "இன்னாம்மா, முள்ளு குத்திட்டுதா?" என்று கேட்டார். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை மறுபடி அந்தப் பின்கட்டு வாசலில் நின்றேன். சிஸ்டர்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும், "கேட்டுட்டேன் இல்ல? நீ போன பிறகுதான் எனக்கே உறைச்சுது" என்றார். நூர்ஜஹானிடம், யாராவது ஊசிக்கு வந்தால் சாயங்காலம் வரச்சொல் என்றார். கதவைச் சாத்தவில்லை. வெளிச்சத்திலேயே உட்கார்ந்து சொன்னார்.

"குதிச்சான். கால் ரெண்டும் முட்டி வரைக்கும் வெந்து போயிருந்துது. பால் வெட்டப் போன எங்கம்மாதான் மொதல்ல பாத்தா. ரப்பர் ஷீட்டுக்குப் பொகை போடற கொட்டா ஒண்ணு அப்போ சும்மா கெடந்துது. நாலு பேரா தூக்கிட்டு வந்து அதுல வெச்சோம். எங்கண்ணன் சட்டையப் போட்டு, கைலியக் கட்டிவிட்டோம். பேரு ஹாரின்னான். நாங்க அரி அரின்னு கூப்ட்டோம். எவனாவது காதுல வாங்குனாகூட நம்ம ஆளு பேருன்னு நெனச்சுக்குவான் பாரு."

அவருடைய அண்ணன் சாலமோனை அதற்கு முந்தைய வருடமே ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போயிருந்தார்கள். பத்தொன்பது வயது. ஒரு தகவலும் இல்லை.

"மரவள்ளிக் கெழங்கு அவிச்சுக் குடுப்போம். அதத் தவிர எங்ககிட்டயும் ஒண்ணும் கெடையாது. தின்னுட்டு, தேங்க்யூம்பான். நான் சிரிப்பேன். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, உன் வயசுதான்னு வெரல்ல காமிச்சான். ஈடித், ஈடித்துன்னு எனக்குச் சொல்லக் கத்துக்குடுத்தான். ஜப்பான்காரன் லயம் லயமா தேடறான். பாராசூட்டுக் குடைத் துணி மரத்துல தொங்கினத அவன் பாத்துட்டான். ஆள் எங்கியோ இருக்கான்னு அவனுக்குத் தெரியும். கெடைச்சிருந்தா லயத்தையே கொளுத்தியிருப்பான்."

காயம் புரையோடி, காய்ச்சல் ஏறியது. மருந்து என்று ஒன்றும் இல்லை. ஒரு விடியற்காலையில் அவன் சுகிர்தத்தின் அம்மாவின் மடியில் தலையை வைத்தபடி இறந்துபோனான். இப்போது உடலை என்ன செய்வது? காட்டில் புதைத்தால் புது மண் காட்டிக்கொடுக்கும். நாய்கள் வரும்.

"எங்கம்மா கொஞ்ச நேரம் அவன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தா. அப்புறம் எழுந்து வெளிய ஓடினா. மாருல அடிச்சுக்கறா. என் சாலமோன் வந்துட்டான், சயாம்ல இருந்து வந்துட்டான், வந்த காலோட காலராவுல பூட்டானேன்னு கத்தறா. சயாம்ல இருந்து காலராவோட ரெண்டொருத்தர் ஏற்கெனவே வந்து செத்திருந்தாங்க. அதனால எல்லாரும் நம்புவாங்க. லயத்து ஜனத்துக்கு உடனே புரிஞ்சு போச்சு. மொத்த லயமும் சாலமோனுக்கு அழுதுச்சு. மூஞ்சிய மூடித் துணியச் சுத்தி, பட்டப்பகல்ல, ஜெபம் பண்ணி, கல்லறைத் தோட்டத்துலயே அடக்கம் பண்ணோம். ஜப்பான்காரன் மூக்கப் பொத்திகினு தூரமா நின்னு பாத்தான். கிட்ட வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா நடிச்சான்னு நெனச்சுக்காத. அது நெஜ அழுகை. யாருக்கு அழுதாள்னு அவளுக்கே தெரியாது."

போர் முடிந்தது. சயாமில் மிஞ்சியவர்கள் ரயிலில் வந்தார்கள். அம்மாவும் மகளும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷனில் போய் நின்றார்கள். சாலமோன் வரவில்லை. அவனோடு போன ஒருவர் மட்டும் வந்து, எந்த இடம் என்றுகூடத் தெரியாது, மழையில் ஒரு குழியில் பலரோடு போட்டார்கள் என்று சொன்னார்.

"அன்னிலேர்ந்து அம்மா மாறிட்டா. நான் வாயால சொன்னேன், அதான் நடந்துட்டுதுன்னு ஒரே பேச்சு. அந்தக் குழிதான் என் புள்ளைக்குன்னு புடிச்சுகினா. கல்லு செதுக்கி சாலமோன்னு பேர் போட்டா. வெள்ளைக்கார ஆபீசருங்க வந்து காணாமப்போனவன் எங்கன்னு கேட்டப்போ, கல்லு மேலயே போய் உக்காந்துட்டா. லயத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவளுக்காவ."

எனக்கு அந்தக் கல்லறைத் தோட்டம் தெரியும். விமானம் தேடிப்போன நாட்களில் அங்கே மர நிழலில் உட்கார்ந்து எத்தனையோ முறை மதியச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். சாலமோன் என்ற பெயரையும் படித்திருக்கத்தான் வேண்டும்.

இயந்திரங்கள் வந்திருப்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அந்த நிலம் முழுவதும் வீடுகளாகப் போகிறது. உரிமை கொண்டாட ஆள் வந்தால் கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றித் தருவார்கள். ஆள் வராதவற்றை ஒட்டுமொத்தமாக ஒரு குழியில் போட்டு மூடிவிடுவார்கள்.

"அப்போ நான் சும்மா இருந்தா?"

"ரெண்டு பேருமே காணாமப் போயிடுவாங்க, சிஸ்டர்."

"நான் சொன்னா, அவன் தங்கச்சிக்கு அவன் கெடைப்பான். எங்கண்ணனுக்கு இருக்கறது அந்த ஒரு கல்லுதான். அதுவும் இல்லன்னு ஆய்டும். இல்லியா?"

கல்லை வைத்துக்கொள்ள விடுவார்களா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாததை அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. நூர்ஜஹான் வந்து, "அக்காவ ஜாஸ்தி பேச வெக்காதீங்க, அவங்களுக்குப் பிரஷர் இருக்குது" என்று தோசைத் தட்டை நடுவில் வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

புதன்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். ஆம்பூர் அறையில் பையைக் கட்டி முடித்தபோது லாட்ஜ் பையன் வந்து, கீழே இரண்டு அம்மா வந்திருப்பதாகச் சொன்னான். சிஸ்டரும் கறுப்புப் புர்க்காவில் நூர்ஜஹானும் நின்றிருந்தார்கள். "வா, எங்கம்மாகிட்ட போலாம்" என்றார் சிஸ்டர்.

ஆம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் பனி விலகவில்லை. சிலுவைகள் இடுப்பளவுதான் தெரிந்தன. ரயில் ஒன்று எங்கேயோ போனது. சத்தம் மட்டும் எங்களைக் கடந்தது. சிஸ்டர் ஒரு கல்லின் முன்னால் மெல்ல உட்கார்ந்து, சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். நூர்ஜஹான் புர்க்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபக்கப் புல்லைப் பிடுங்கினார். நான் தள்ளி நின்றேன். சிஸ்டர் வேண்டிக்கொண்டிருந்தாரா, அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாரா, முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "எங்கம்மா இருந்திருந்தா உட்ருக்க மாட்டா. நான் அவ இல்ல. அவன எடுத்துக்கச் சொல்லு."

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதுதான் ஈடித்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "கடைசில அவன் தனியா இல்லன்னு சொல்லு. எங்கம்மா தலையத் தடவிகினே இருந்தா. அப்புறம், கெழங்குக்கு உப்பு இல்ல, அதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரியா இருக்குதுன்னு சொல்லு. வேணாம், உப்பு சமாசாரத்த உட்டுடு." நான் விடவில்லை. ஈப்போ திரும்பிய வாரமே இங்கிலாந்துக்குப் போன் செய்து, உப்பையும் சேர்த்தே சொன்னேன். பிறகு ஈடித் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த அம்மாவின் பெயர் என்ன?"

இரண்டு நாட்டு அலுவலகங்களிலும் அனுமதி வாங்குவதற்குள் இரண்டாயிரம் பிறந்துவிட்டது. தோண்டும் நாளில் ஈடித் வந்திருந்தார், கைத்தடியோடு, பெரிய வெயில் தொப்பியோடு. சிஸ்டருக்கு இதயத்தில் கோளாறு, பயணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். மரங்கள் எல்லாம் போய்விட்டிருந்த சிவப்பு மண்வெளியில் அந்தக் கல்லறைத் தோட்டம் மட்டும் தீவுபோல நின்றது. எலும்புகளை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினார்கள். பிறகு பல்லை ஒப்பிட்டு அவன்தான் என்று உறுதி செய்தார்கள். ஈடித்துக்கு அந்த உறுதி தேவைப்படவில்லை. துணியில் மிச்சமிருந்த ஒரு சட்டைப் பொத்தானைக் கையில் வாங்கி, "இது எங்கள் ஹாரியுடையது இல்லை. இன்னொருவர் சட்டை" என்று மட்டும் சொன்னார்.

மற்றக் கல்லறைகளையும் அதே வாரம் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மரப்பெட்டி. கம்பெனியின் மேற்பார்வையாளர் சாலமோன் கல்லைக் காட்டி, இதில்தான் ஆள் இல்லையே, இதற்குப் பெட்டியும் புது இடமும் எதற்கு என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் கைபேசியை எடுத்துப் பேரணாம்பட்டுக்குப் போட்டேன். நூர்ஜஹான் எடுத்து, சிஸ்டரிடம் கொடுத்தார்.

"புது எடத்துல எங்கண்ணனுக்கு ஒரு குழி உண்டா, இல்லியா?" என்றார் சிஸ்டர்.

"உள்ள வைக்க ஒண்ணும் இல்லியேன்னு கேக்கறாங்க, சிஸ்டர்."

"மொதல்லயும்தான் அவன் அங்க இல்லியே."

ஈடித் என் முகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, மேற்பார்வையாளரின் காலடியில் கிடந்த பெட்டி ஒன்றை இழுத்துத் திறந்தார். சிரமப்பட்டுக் குனிந்து, அந்தக் குழியின் மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அதில் போடத் தொடங்கினார்.